மே மாதத்து மாப்பிள்ளை

மே மாதத்தில் வெங்கியைப் பிடிக்காமல் போவது யாராலும் முடியாத காரியம்.

பெண் பார்க்க வந்த அன்று அவன் மூன்று டஜன் ஹாபுஸ் மாம்பழத்தோடு திலக் நகரில் வந்து இறங்கினான். ஒரு டஜன் பெண் வீட்டுக்கு. ஒரு டஜன் எதிர் ஃப்ளாட்டுக்கு. அவர்களை அவன் அதற்குமுன் பார்த்ததுகூடக் கிடையாது. மூன்றாவது டஜன், மாடி ஏறி வருவதற்குள் படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்றாகப் போய்விட்டது. சொஜ்ஜியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பெண்ணின் அப்பா சுந்தரராமன் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் பார்த்த வேலையைப் பற்றி, அவர் மனைவி அகிலாண்டமே ஒரு நாளும் கேட்டிராத கேள்விகளையெல்லாம் கேட்டான். கிளம்பும்போது கீழே வாட்ச்மேனின் மகள் பத்தாவதில் எத்தனை சதவீதம் என்பது வரை அவனுக்குத் தெரிந்திருந்தது.

பெண் பத்மஜா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. வெயில் காலத்தில் அவளுக்குத் தலைக்குள் யாரோ ஓயாமல் கடுகு தாளிக்கிற மாதிரி இருக்கும். சயனில் ஒரு கண்ணாடிக் கடையில், இருட்டு அறைக்குள் உட்கார்ந்து வருகிறவர்களின் கண்ணைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. அந்த அறையை விட்டு வெளியே வரவே பிடிக்காது.

"உனக்கு என்னல்லாம் பிடிக்கும்?" என்று வெங்கி கேட்டான்.

"நிழல்" என்றாள்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "தேவைக்கு மேல ஒரு வார்த்தை இல்லே பாரும்மா" என்று அங்கேயே தன் அம்மா சுப்புலக்ஷ்மியிடம் சொன்னான். சுப்புலக்ஷ்மிக்கும் அடக்கமான பெண் என்று பரம திருப்தி. தை மாதம், மாட்டுங்காவில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

மே மாதம் முழுக்க இருவரும் மாட்டுங்காவின் மரத்தடிகளில் நடந்தார்கள். அவன் பேசினான், அவள் குடை பிடித்தாள். ஒரு நாள், சாலை திரும்புகிற இடத்தில் வெயில் இந்தப் பக்கம் வந்தபோது, பேச்சை நிறுத்தாமலே அவன் இடம் மாறி அவளுக்கும் வெயிலுக்கும் நடுவில் நடந்தான். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் மாறினான். பத்மஜா அன்றைக்குத்தான் தனக்குள் முடிவு செய்தாள், சரி, இவன்தான் என்று.

ஜூன் இரண்டாம் வாரம் மழை வந்தது.

வானம் மூடியது. காலை பத்து மணிக்கு டியூப்லைட் போட வேண்டியிருந்தது. பத்மஜாவுக்குத் தலைவலி விட்டது. ஜன்னலை எல்லாம் திறந்துவைத்துக்கொண்டு பாடினாள். அவளுக்குப் பேச இப்போது ஏராளமாக இருந்தது. கேட்க வேண்டியவன்தான் காணாமல் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு நாற்பது மெசேஜ் அனுப்பியவன் பத்து அனுப்பினான். பிறகு இரண்டு. பிறகு 'ம்' என்று ஒன்று. ஜூன் கடைசியில் சயன் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்கும்போது போன் சிணுங்கியது.

'கல்யாணம் வேண்டாம்னு தோணறது.'

பத்மஜா அழவில்லை. நேராக மாட்டுங்காவுக்குப் போனாள்.

வெங்கியின் வீடு இரண்டாவது மாடி. முன்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், பின்னால் புதிதாக எழும்பிய நாற்பது மாடிக் கட்டடம். இரண்டுக்கும் நடுவில் அந்த வீடு கிணற்றுக்குள் இறங்கின மாதிரி இருட்டாக இருக்கும். ஆனால் கதவைத் திறந்ததும் பத்மஜாவுக்குக் கண் கூசியது. ஹாலில், கல்யாணப் பந்தலில் வைக்கிற மாதிரி ஓர் ஆயிரம் வாட் ஹாலோஜன் விளக்கு ஸ்டாண்டில் எரிந்துகொண்டிருந்தது. அதன் எதிரே, பனியனோடு, ஈசிசேரில் வெங்கி. அவனைச் சுற்றித் தரையெல்லாம் வேஷ்டி விரித்து, வேஷ்டி மேல் ஜவ்வரிசி வடாம்.

"வா வா" என்றாள் சுப்புலக்ஷ்மி. "வடாத்தை மிதிச்சுடாதே. இந்த ஓரமா இருக்கறது மூணாவது மாடிக்காராளோடது. நம்மாத்துல வெளிச்சம் வெச்சிருக்கறது தெரிஞ்சு எல்லாரும் கொண்டு வந்து போட்டுடறா. நேத்து ஒருத்தி குழந்தையோட யூனிஃபார்மைக் கொண்டு வந்தா."

"மாமி, வெங்கிக்கு என்ன?"

"நோக்குச் சொல்லலையோ? அதுக்கென்ன, எல்லா வருஷமும்தான். மானம் மூடிண்டா இவனும் மூடிண்டுடுவான். எதைக் கேட்டாலும் வேண்டாம்பான். ஜூலை பொறந்தா ஆபீஸ்ல ராஜினாமாக் கடுதாசி குடுத்துடுவான். அவாளும் நல்லவா, வாங்கி ட்ராயர்ல வெச்சுண்டு தீபாவளிக்குத் திருப்பிக் குடுத்துடுவா. டாக்டர் காலம்பர வெளிச்சத்துல உக்கார வைக்கச் சொன்னார். ஏதோ சின்னப் பெட்டி விளக்கு எழுதிக் குடுத்தார். சின்னது போறுமோ? பந்தல்காரன்கிட்டேர்ந்து இதை எடுத்துண்டு வந்துட்டேன்."

"என்கிட்ட முன்னாடியே..."

"முன்னாடி ரெண்டு எடத்துல நிச்சயமாச்சு. ரெண்டும் மே மாசம். ஜூலைல இவன் வேண்டாம்னான், அவாளும் நம்பிட்டா. அசடுகள்! மழையில சொல்றதை யாராவது நம்புவாளோ?"

வெங்கி விளக்குக்கு எதிரே கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தான். அவளைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான். "பத்மா! எப்ப வந்தே? நான் எதுக்கு வேண்டாம்னேன்? தை எதுக்கு, நாளைக்கே பண்ணிக்கலாம்! அம்மா, இவளுக்கு வடாம் பொரிச்சுக் குடு!"

பத்மஜா நிம்மதியாகக் கிளம்பினாள். மாமி பின்னால் விளக்கை அணைக்கிற 'டக்' சத்தம் கேட்டது. அவள் ஸ்டேஷன் போய்ச் சேரும்போது போனில் ஒரு வார்த்தை காத்திருந்தது.

'வேண்டாம்.'

ரயிலில் நின்றபடியே யோசித்தாள். வருஷத்தில் நான்கு மாதம் வானம் மூடியிருக்கும். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினால், அதில் பத்து வருஷம் இந்த மூடிக்கொண்ட ஆளோடு. அவன் அவளுக்கு அறிமுகமே இல்லை. அவனுக்கு அவள் வேண்டுமா, வேண்டாமா? அதை மே மாதத்துக்காரனோ ஹாலோஜன்காரனோ சொல்லிப் பிரயோஜனமில்லை. இருட்டில் இருக்கிறவன் இருட்டில் சொல்ல வேண்டும்.

வீட்டில் அதைத்தான் சொன்னாள். "மழையில, விளக்கு இல்லாம, அவனோட ஒரு தடவை பேசணும். ரெண்டு ஆத்துப் பெரியவாளும் இருக்கணும். அவன் வாயால கேட்டாத்தான் கல்யாணம்."

வீட்டில் பேசிப் பேசி, போனில் விஷயம் மாட்டுங்காவுக்குப் போவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. வெங்கியின் மாமா கிட்டு, ரயில்வேயில் நேர அட்டவணைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், குடும்பத்தின் சகல சாஸ்திரத்துக்கும் அவரே தலைமை அலுவலகம். "ஆடில பெண் பார்க்கறதாவது! நம்மள்ல எந்தக் காலத்துலயாவது உண்டா?" என்று கத்தினார்.

பத்மஜாவுக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. ஆடியில் யாரும் யாரையும் போய்ப் பார்ப்பதில்லை. இந்த ஊரில் ஆடி என்றால் அடைமழை. ஆகவே இங்கே பெரும்பாலும் ஒரு குடும்பமும் ஒரு மாப்பிள்ளையையும் இருட்டில் பார்த்ததே இல்லை. எல்லோரும் வெயிலில் பார்த்து, வெயிலில் நிச்சயம் செய்து, மழையில் திகைக்கிறார்கள்.

இதை அவள் கடையில் கூட வேலை செய்யும் ஷைஸ்தாவிடம் சொல்லிப் புலம்பினாள். ஷைஸ்தா தாராவியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுப் பேச்சு இன்னும் திருநெல்வேலிப் பக்கம்தான். கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "ஏட்டி, பாக்கக் கூடாதுன்னுதான சொல்லுதாவ? பேசக் கூடாதுன்னா சொன்னாவ?" என்றாள்.

"பேசலாம்தான். ஆனா பார்க்காம எப்படி?"

"முதுகைக் காட்டிக்கிட்டு இருந்து பேசுங்க. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா!"

கிட்டு மாமா இதை அரை நாள் ஆலோசித்தார். ரயில் பெட்டியில் எதிரெதிர்த் திசை பார்த்து உட்கார்ந்திருக்கும் இருவர் ஒருவரையொருவர் பார்த்ததாக ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். "பார்த்தாத்தான் பெண் பார்த்தல். பார்க்கலேன்னா அது வெறும் வந்துட்டுப் போறது. ஆனா சொஜ்ஜி கூடாது. சொஜ்ஜி வெச்சா பெண் பார்த்த கணக்காயிடும். உப்புமா பண்ணச் சொல்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குத் திலக் நகரில் மாலை ஆறு மணி இருட்டு. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சுந்தரராமன் குடியிருப்பு சொசைட்டி ஆபீஸிலிருந்து ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து, மூன்று பால்கனியைப் பார்க்க, மூன்று சமையலறையைப் பார்க்க, முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டிருந்தார். பெண் வீட்டார் முன்கூட்டியே சமையலறைப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வாசலிலிருந்து பின்பக்கமாகவே நடந்து உள்ளே வந்தார்கள். கிட்டு மாமா செருப்பு ஸ்டாண்டில் இடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே" என்றார்.

வழிகாட்ட ஷைஸ்தா வந்திருந்தாள். "எனக்கு இந்தக் கட்டுப்பாடு ஒண்ணும் கிடையாதுல்லா, நான் தாராளமாப் பாக்கலாம்" என்று நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு நடப்பதையெல்லாம் சொல்லத் தொடங்கினாள்.

"மாப்பிள்ளை உக்காந்துட்டாவ. தாடி விட்டிருக்காவ. நீல சட்டை. பட்டன் ஒண்ணு மாறிக் கிடக்கு."

பத்மஜாவின் முதுகுக்குப் பின்னால், நாற்காலி கொஞ்சம் அழுந்தியது. அவன் மூச்சு விடுவது தன் நாற்காலி வழியாகத் தெரிந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் ஒரு லோக்கல் டிரெயின் போகலாம் போல இருந்தது.

அகிலாண்டம் உப்புமாத் தட்டுகளோடு பின்னால் நடந்து வந்து, தோளுக்கு மேலே ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். இரண்டு தட்டுகள் சரியான கைக்குப் போயின. மூன்றாவதைக் கிட்டு மாமாவின் தலையில் வைத்துவிட்டு, "போறுமா, இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டாள்.

"மாப்பிள்ளை உப்புமாவப் பாக்காவ" என்றாள் ஷைஸ்தா. "உப்புமா மாப்பிள்ளையப் பாக்குது. வேற ஒண்ணும் நடக்கல."

"வெங்கி" என்று பத்மஜா ஆரம்பித்தாள்.

அதற்குள் ஹாலில் படீரென்று வெளிச்சம். சுப்புலக்ஷ்மி பெரிய துணிப்பையில் ஹாலோஜனை டாக்ஸியில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, சத்தம் போடாமல் சுவரில் சொருகிவிட்டாள். அரை நிமிஷத்தில் பத்மஜாவின் முதுகுக்குப் பின்னால் நாற்காலி நிமிர்ந்தது. தொண்டையைக் கனைக்கிற சத்தம்.

"மாமா, இந்த ஏரியால எத்தனை வருஷமா தண்ணி தேங்கறது? அந்தக் காலத்துல ஹார்பர் லைன் ரயில்ல..."

"மாமி, விளக்கை அணைங்கோ" என்றாள் பத்மஜா.

"இருக்கட்டும்மா, குழந்தை இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கான்."

பத்மஜா எழுந்தாள். திரும்பாமல், பின்பக்கமாக நடந்தாள். "வலப்பக்கம் ஒதுங்கு... நாற்காலி... காலைத் தூக்கு, ஒயர் கிடக்கு... கொஞ்சம் குனி" என்று ஷைஸ்தா சொல்லச் சொல்ல, சுவரைத் தடவி பிளக்கைப் பிடுங்கினாள். ஹால் மறுபடி ஆடி மாதமாகிவிட்டது. ஹார்பர் லைன் பாதியில் நின்றது.

அவள் அதே மாதிரி நடந்து வந்து உட்கார்ந்தாள். அப்புறம் பேசினாள். ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் வந்தது. மே மாதத்தில் 'சரி' சொன்னவனைத் தனக்குத் தெரியும், அவன் எல்லோருக்கும் சரி சொல்கிறவன், ரிக்‌ஷாக்காரன் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டாலும் சரி என்பான். அவனை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. ஜூலைக்காரன் வேண்டாம் என்று சொன்னால் அதையும் நம்ப மாட்டாள்; ஆனால் அவனிடம் யாராவது ஏதாவது சரியாகக் கேட்டிருக்கிறார்களா? நடுவில், மழை பெய்தால் கண்ணாடிக் கடைக்குக் கூட்டம் ஏன் குறைகிறது, திலக் நகரில் இந்த வருஷம் தவளைச் சத்தம் ஏன் அதிகம் என்பதும் வந்துபோயிற்று. மூச்சு வாங்க அவள் நிறுத்தியபோது ஹாலில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

"அகிலாண்டம்" என்றாள் சுப்புலக்ஷ்மி, சமையலறைப் பக்கம் திரும்பாமல். "மே மாசம் எங்களுக்கு ஒரு பொண்ணைக் காட்டினேளே, அவ எங்கே?"

அகிலாண்டம் இருமினாள். "இவதான் அவ."

"அது வாயே திறக்காத பொண்ணுன்னா?"

"கோடைல திறக்க மாட்டா. தலைவலி. ஏதாவது கேட்டா வள்ளுன்னு விழுவா, அதனால நாங்களும் கேக்கறதில்லே. மழை வந்தா இப்படி. முன்னாடி ஆவணி மழைல பார்க்க வந்தவா ரெண்டு பேர் வாயாடின்னு போயிட்டா. அதான் உங்களை மே மாசத்துல வரச் சொன்னேன்."

பத்மஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா!"

"எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்றார் சுந்தரராமன் பரிதாபமாக. "ஏதோ வெயில்ல நான்தான் தப்பாப் பேசிடறேன்னு நெனச்சுண்டிருந்தேன்."

கிட்டு மாமா உப்புமாவை விழுங்கினார். "ரெண்டு பக்கமும் நல்ல மாசமாப் பார்த்துச் சரக்கைக் காட்டியிருக்கோம். இனிமே யாரும் யாரையும் குத்தம் சொல்றதுக்கில்லே. வெங்கி, நீயே சொல்லு. இதை நிறுத்திடலாமா?"

"வேண்டாம்" என்றான் வெங்கி.

ஹால் முழுக்கப் பெருமூச்சு. "நிறுத்த வேண்டாம்னுட்டான்! அப்பறம் என்ன, சுபம்!" என்று மாமா கையைத் தட்டப் போனார்.

"இருங்கோ மாமா" என்றாள் பத்மஜா. "வெங்கி, காப்பி வேணுமா?"

"வேண்டாம்."

"தண்ணி?"

"வேண்டாம்."

"வெயில் வரட்டுமா?"

"வேண்டாம்."

"கேட்டேளா? இது பதிலே இல்லே." அவள் கேட்க வந்ததெல்லாம் வேண்டுமா, வேண்டாமா என்பதைத்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு இந்த மனிதனிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. முதுகைச் சாய்த்து, அவன் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி, "அங்கே எப்படி இருக்கு?" என்றாள்.

சுப்புலக்ஷ்மி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஷைஸ்தா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி" என்றான் வெங்கி கடைசியில். ஒவ்வொரு வார்த்தையையும் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். "வலியெல்லாம் இல்லே. எல்லாரும் கரைல நின்னுண்டு, எப்ப வெளில வருவே, எப்ப வெளில வருவேங்கறா. அவாளுக்குப் பதில் சொல்ல மேல வரணும். அதுக்குத் தெம்பில்லே. வேண்டாம்னு சொன்னா போயிடறா. அதான் சொல்றேன்."

"நான் பேசினது கேட்டுதா?"

"கேட்டுது."

"தொந்தரவா இருந்துதா?"

நாற்காலி அசைந்தது. "நீ பதிலுக்குக் காத்துண்டிருக்கலே. தவளைன்னே, கண்ணாடின்னே, போயிண்டே இருந்தே. மழை மாதிரி. அது பாட்டுக்கு உள்ள வரைக்கும் வந்தது." தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "நிறுத்திட்டியே. பேசேன்."

ஜூன் கடைசியிலிருந்து இன்றுவரை இந்த ஆள் எதையும் கேட்டு வாங்கியதில்லை. ஒரு வாய்த் தண்ணீரைக்கூட. இப்போது ஒன்றைக் கேட்கிறான். வெளிச்சமில்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

அவள் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

"ஐயோ, திரும்புதா! அவ திரும்பிட்டா!" என்றாள் ஷைஸ்தா.

"கண்ணை மூடிக்கோங்கோ எல்லாரும்!" கிட்டு மாமா அலறினார். "சாட்சியில்லேன்னா பார்த்ததாகாது! மூடுங்கோ!" நான்கு பெரியவர்களும் இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். சுந்தரராமன் பத்திரத்துக்குக் கையையும் மேலே வைத்துக்கொண்டார்.

வெங்கியும் திரும்பினான். அதற்கு அவனுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. தாடிக்குள் கன்னம் ஒட்டியிருந்தது. மே மாதத்தில் ஒரே சமயத்தில் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இப்போது ஒரே ஓர் இடத்தில் வந்து நின்றிருந்தன. நிற்பதற்கு மெனக்கெடுவது தெரிந்தது. பட்டன் மாறித்தான் போட்டிருந்தான்.

"நான் கோடைல எரிஞ்சு விழுவேன்" என்றாள் பத்மஜா. "மார்ச்சுலேர்ந்து."

"அப்ப நான் நன்னா இருப்பேன்" என்றான்.

"தை மாசம் வேண்டாம் மாமா" என்று அவள் உரக்கச் சொன்னாள், அவனைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "ஆவணியில வெச்சுடுங்கோ. முதல் முகூர்த்தம்."

"ஆவணிலயும் மழைதானேம்மா!" கிட்டு மாமா கண்ணை மூடியபடியே பதறினார். "மாப்பிள்ளை இதே மாதிரின்னா இருப்பான்! மண்டபத்துக்கு ஒரு ஜனம் வராது, ரயில் ஓடாது..."

"அதனாலதான். தாலி இவன் கையால கட்டணும். மே மாசத்து ஆளை யாரும் கூப்பிட வேண்டாம், அவன் தானா வந்துடுவான்."

"வெங்கி, உனக்கு?" என்றாள் சுப்புலக்ஷ்மி.

வெங்கி யோசித்தான்.

"நாலு பேர் போறும்" என்றான். "சத்தம் இல்லாம."

சுப்புலக்ஷ்மி கண்ணை மூடியபடியே அழுதாள். அகிலாண்டம் தடவித் தடவி அவள் கையைத் தேடி, தவறுதலாகக் கிட்டு மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு தட்டிக் கொடுத்தாள். ஷைஸ்தா, யாரும் சொல்லாமலே, ஸ்டூலோடு பால்கனிப் பக்கம் திரும்பி மழையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பத்மஜா வெங்கியின் சட்டைப் பட்டனைக் கழற்றிச் சரியான துளையில் போட்டாள். அடுத்ததும் மாறியிருந்தது, அதையும் கழற்றினாள். கடையில் நேற்று ஒரு மார்வாரிக் கிழவர் கண் சோதனைப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஏமாற்றப் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டே, நிதானமாக.

"பத்மா, பார்த்தாச்சாடி?" என்றாள் அகிலாண்டம். "கண்ணைத் திறக்கலாமா?"

"இன்னும் இல்லேம்மா" என்றாள் பத்மஜா. "கொஞ்ச நேரம் ஆகும்."